'வணக்கம்' போட்ட பிறகு தொடங்கிய படம்

சினிமா ரசிகனாக இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு படத்தைப் பற்றிப் பேச, அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இடைவேளைக்குப் பிறகு தூங்கிப்போனவர், டிரெய்லரோடு நிறுத்திக்கொண்டவர், மச்சான் சொன்ன கதையைக் கேட்டவர், எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. நான் இவர்கள் எல்லோரையும் விட ஒரு படி மேல். ஒரு படத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை, கண் கொட்டாமல், திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத் தப்பாகப் பேசியவன். அதுவும் பெண் கேட்கப் போன இடத்தில்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்பதால் சொல்லவில்லை. நாங்கள் மலேசியாவில், பாகான் டத்தோ பக்கம் இருந்த தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு, ஜெலாப்பாங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்த புதிதில், அப்பா அதைப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கி வந்தார். மூன்று விசிடி. மேலே பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அப்போது வேறு படம் கிடையாது. கேபிள் கிடையாது. விருந்தாளி வந்தாலும் அந்தப் படம்தான், வராவிட்டாலும் அந்தப் படம்தான். ஒரு டிஸ்க் முடிந்ததும் நான் எழுந்து அடுத்ததை மாற்றுவேன். அதற்குள் அப்பா பாத்ரூம் போய்விட்டு வருவார்.

படம் எப்படித் தொடங்கும் தெரியுமா? பெயர், பாட்டு, சாமி படம் எதுவும் கிடையாது. ஒரு டாக்டர், வாக்கியத்தின் நடுவிலிருந்து பேசுவார். "...இனிமேல் பார்வை திரும்பாது அம்மா." கதாநாயகன் கண்ணில் கட்டோடு படுத்திருப்பான். மனைவி உழைத்து உழைத்து அவனைக் காப்பாற்றி, இளைத்து, இருமி, அவன் மடியிலேயே உயிரை விடுவாள். உடனே திரையில் 'வணக்கம்' என்று போடுவார்கள். அதற்குப் பிறகுதான் (நன்றாகக் கவனியுங்கள்) நடிகர்களின் பெயரே வரும். செத்துப்போனவள் ரெட்டைச் சடையோடு சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். காதல், கல்யாணம், மாமியார் வீட்டுச் சண்டை எல்லாம் நடக்கும். அவன் கோபித்துக்கொண்டு கிளம்பி விபத்தில் அடிபடுவான். கடைசிக் காட்சியில் அதே டாக்டர் வந்து, "நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் மனம் உடையக் கூடாது. உங்கள் கணவருக்கு..." என்று இழுப்பார். அவ்வளவுதான். படம் முடிந்துவிடும்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. காரணம், நான் அறிவாளி. காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பிறகு வந்த புதுப் படங்கள் எல்லாம் முடிவிலிருந்து தொடங்கி, முன்னால் போய்ப் பின்னால் வந்து, பார்ப்பவனைத் தலைசுற்ற வைத்தன. நண்பர்கள் வாய் பிளந்து பாராட்டினார்கள். நான் மட்டும், "இதெல்லாம் அந்தக் காலத்துலயே செஞ்சுட்டாங்க லா" என்று சொல்லிச் சிரித்தேன். 'பின்வரிசை ரசிகன்' என்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, இந்தப் படத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினேன். வாக்கியத்தின் பாதியில் தொடங்கி இன்னொரு வாக்கியத்தின் பாதியில் முடியும் ஒரே தமிழ்ப்படம். வாழ்க்கையின் நடுவில் 'வணக்கம்' போட்ட ஒரே இயக்குநர். காலம் ஒரு வட்டம். இப்படியெல்லாம் எழுதினேன். கதை அப்படி இல்லையே என்று யாரோ ஒருவர் கேட்டதற்கு, நீங்கள் பார்த்தது தொலைக்காட்சிக்காக வெட்டி ஒட்டியது என்று பதில் போட்டேன். (பாவம், மனுஷன் அதற்குப் பிறகு பேசவே இல்லை.)

அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் அபிராமியைச் சந்தித்தேன். அவர்கள் சிலோன் ஆட்கள். அப்பா தர்மராஜா, நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் தோட்டத்து ஆட்கள். என் அப்பா ஜெலாப்பாங் தொழிற்சாலையில் காவலாளி. எங்கள் வீட்டில் அபிராமியைப் பற்றிச் சொன்னதும் அப்பா, "அவுங்கெல்லாம் படிச்ச சனம் லா. நம்மள வாசல்லயே அனுப்பிருவாங்க" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். அபிராமி தன் அப்பா பேச்சைத் தட்டமாட்டாள், அதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவர் சரி என்றால் கல்யாணம். இல்லை என்றால் எதுவும் இல்லை.

ஒருநாள் அவளே போன் செய்தாள். "அப்பாக்கு உங்களோட கதைக்கோணுமாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்க" என்றாள். கதைப்பது என்றால் அவர்கள் பேச்சில் பேசுவது என்று எனக்குத் தெரியும். ஆனால் சினிமா பைத்தியத்தின் காதில் அதில் பாதிதான் விழுந்தது, கதை.

"அவருக்குப் பழைய படம் எண்டா உயிர். அவரா கேட்டாலும் 'நல்ல படம் அங்கிள்' எண்டு முடிச்சிடுங்க. பிழையாச் சொன்னா அவருக்குப் பிடிக்காது" என்றும் சொன்னாள்.

"நான் ஏன் பிழையா சொல்றேன்?" என்றேன். அவளுக்குப் பழைய படம் போட்டாலே தூக்கம் வந்துவிடும், அதனால் என் கட்டுரையை அவள் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பை பம்பளிமாஸோடு போய் இறங்கினோம். கூடத்தில் அபிராமியின் அம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் அம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தர்மராஜா அங்கிள் மரியாதையாகப் பேசினார். வேலை எப்படி, வீடு எங்கே என்று கேட்டார். நானும் சுருக்கமாகப் பதில் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி படங்களைப் பற்றி எழுதுறவராமே. பழைய படங்களில உமக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

அபிராமி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

படத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "ஓம், அருமையான படம். நானும் அவவும் சேர்ந்து பாத்த முதல் படம்" என்று சுவரைப் பார்த்தார். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நான் கதைக்க ஆரம்பித்தேன். சாவிலிருந்து பின்னோக்கிப் போகும் உத்தி, நடுவில் வரும் 'வணக்கம்', கடைசியில் டாக்டர் எதையும் சொல்லாமல் முடியும் துணிச்சல், காலம் ஒரு வட்டம் என்று கை கால் ஆட்டி விளக்கினேன்.

அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "டொக்டர் சொல்லாமலோ?"

"ஆமா அங்கிள். 'உங்கள் கணவருக்கு' அப்படின்னு நிறுத்திருவாரு. மீதி நம்ம கற்பனைக்கு."

"அவர் சொல்லுவாரே தம்பி."

"இல்ல அங்கிள், அது டிவிக்காக வெட்டி ஒட்டினது."

இந்த இடத்தில் என் அப்பா, மகனைக் காப்பாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அதுவரை பயந்து உட்கார்ந்திருந்தவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இல்லங்க, பையன் சொல்றது சரிதான். நாங்க வீட்ல எத்தன தடவ பாத்திருக்கோம். மொதல்ல சாவு, பொறகுதான் கல்யாணம். கீழ மலாய் எழுத்தெல்லாம் போட்டு வந்த படம்ங்க, தப்பா இருக்காது" என்றார்.

அளவை எடுக்கிறவர் கோணத்தைச் சரிபார்க்கிற மாதிரி அங்கிள் ஒவ்வொன்றாகக் கேட்டார். "எத்தினை டிஸ்க்?"

"மூணு அங்கிள்."

"எதை முதல் போட்டனீர்?"

"ஒண்ணுன்னு எழுதியிருந்தத."

"பேனாவாலயோ?"

"ஆமா."

"சரி. உம்மட படம் எப்பிடி முடியுது? அந்த வசனத்தைச் சொல்லும்."

"உங்கள் கணவருக்கு..."

"எப்பிடித் தொடங்குது?"

"இனிமேல் பார்வை திரும்..."

அங்கே நிறுத்தினேன். நிறுத்த வேண்டிய இடம் அது இல்லை, பல வருஷத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அபிராமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முகநூலில் பேசாமல் போன அந்த மனுஷன் ஞாபகத்துக்கு வந்தார். அப்பா மெல்ல மறுபடியும் நாற்காலி நுனிக்கு வந்தார். படிச்ச சனத்தின் வீட்டில், எழுதிய எண்ணை நம்பிக் கடைசி டிஸ்க்கை முதலில் போட்டுப் படம் பார்த்த குடும்பம் நாங்கள்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவுக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. தேநீரோடு வந்த பயத்தம் உருண்டையைக் கடித்துக்கொண்டு, "எப்படியோ போட்டான். எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்" என்றார். "அவ சாகறத மொதல்லயே காட்டிருவாங்களா, அழுது முடிச்சிரலாம். பொறகு எந்திரிச்சு வந்து சைக்கிள்ல பாட்டுப் பாடுவா. கடைசில ஆஸ்பத்திரில முடிஞ்சாலும் அவ உசுரோட புருஷன் பக்கத்துல நிப்பா. அதாங்க வேணும்."

அங்கிள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். நாங்கள் கிளம்பும்போது, "அந்த டிஸ்க்குகள் இன்னும் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா, "பேனாவால எழுதினவன மட்டும் இப்ப பாத்தேன்னா" என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். நான் மறுநாளே டிஸ்க்குகளைக் கொண்டுபோய் அபிராமியிடம் கொடுத்துவிட்டு, அங்கிள் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பிவிட்டேன். முகநூல் பக்கத்தையும் மூடினேன்.

அடுத்த வாரம் அங்கிளே கூப்பிட்டார். "தம்பி, உங்கட ஓடர்லயே மூண்டு டிஸ்க்கையும் போட்டுப் பாத்தன்."

"மன்னிச்சிருங்க அங்கிள்."

"ஏன் மன்னிப்பு? நீர் சொன்ன விளக்கம் எல்லாம் விசர்க் கதை. அதை விடும். உங்கட அம்மா சொன்னதுதான் சரி. அவ திரும்ப வாறா. சைக்கிள்ல." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "ரெஜிஸ்டர் முதல் வைப்பம், கோயில் கல்யாணம் பிறகு. இதிலயாவது ஓடரை மாத்தாதையும்" என்றார்.

மாற்றவில்லை. இன்று நான் எந்தப் புதுப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலும், "இதில எந்த டிஸ்க்கை முதல் போட்டனீங்க?" என்று அபிராமி கேட்கிறாள். எங்கள் மகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள், அவள் வாழ்க்கையில் ஒரு டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தது கிடையாது. அங்கிளிடம் அந்தப் படத்தின் ஒழுங்கான பிரதி ஒன்று எப்போதும் இருந்தது. ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அவரிடம், "எங்க படத்த எப்பங்க திருப்பித் தருவீங்க?" என்று கேட்பார். அவரும் வருஷா வருஷம் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்.

"இன்னும் பாத்து முடியேல்லைத் தங்கச்சி."