மாடி அடுப்பு

எரிகிற அடுப்பை அணைப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அணைத்த அடுப்பு புகைந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை.

"அணைச்சுட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள்.

"அணைச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் புகையுது?"

"அதைத்தான் நானும் கேட்டுட்டிருக்கேன்."

"யாரை?"

"அடுப்பை!"

அடுப்பு என்று அவர் மரியாதையாகச் சொன்னது ஒரு பெரிய பெயிண்ட் டின்னை. அதன் வயிற்றில் ஓட்டை போட்டு, முழங்கை மாதிரி வளைந்த ஒரு தகரக் குழாயை உள்ளே செருகியிருந்தார். கீழ் வாயில் சுள்ளியை வைத்தால் தீ குழாய் வழியே ஏறி, மேலே இருக்கும் பாத்திரத்தைச் சூடாக்கும். நாலு சுள்ளி போதும், புகை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்ததன் அர்த்தம் வாத்தியாருக்கு இப்போதுதான் புரிந்தது.

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். சுள்ளி அணைந்தது, புகை அணையவில்லை. டின்னுக்குப் பின்னாலிருந்து சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. பொறுமை போய் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி, பிறகுதான் அடங்கியது. கறுப்புத் தண்ணீர் தாழ்வாரத்து மூலையில் இருந்த ஓட்டை வழியாக ஓடிக் கீழே விழுந்தது. கழுவிவிட வசதியாக இருக்கும் என்றுதான் அடுப்பை அந்த மூலையில் வைத்திருந்தார்.

கீழே அவருடைய தம்பி வீடு.

அண்ணன் மாடியில், தம்பி கீழே. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. மாடித் தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்தால்கூடத் தம்பி தெரிய மாட்டான். கீழ்வீட்டுப் பின்கட்டின் தகரக் கூரைதான் தெரியும். அந்தக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் சந்து. அதன் வழியாக மழைத்தண்ணீர் போகும், வாத்தியார் வீட்டுக் கழுவுதண்ணீர் போகும், பேச்சு மட்டும் போகாது.

முன்பெல்லாம் இருவரும் வருடா வருடம் லீவு போட்டுவிட்டு, காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரிக்கரைக்குப் போவார்கள். கூடாரம் அடிப்பார்கள். சமைத்துச் சாப்பிடுவார்கள். போன வருடம் கொட்டுகிற மழையில் அடுப்பைப் பற்றவைத்தால், கேஸ் டப்பா காலி. பசியிலும் குளிரிலும் வாத்தியாருக்குத் தலைக்கேறிவிட்டது.

"உன்னை நம்பி காட்டுக்கு வந்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!" என்றார்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. அன்று பேசாதவன்தான், அப்புறமும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து குடையை வைக்க அலமாரியைத் திறந்தால், நிரம்பிய கேஸ் டப்பா உள்ளே உட்கார்ந்திருந்தது. காலியை எடுத்து மூட்டையில் வைத்தது வாத்தியாரேதான். அவர் மூடிக்கொண்டார், அலமாரியையும் வாயையும்.

இப்போது தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று அவன் மனைவி முன்னாலேயே போய்விட்டாள். மாதக் கடைசியில் இவனும் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான்.

"போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு பேசறது?"

"தப்பு என்னுதுதாண்டான்னு. அவ்வளவுதானே?"

"வெறுங்கையோட போய் எப்படிடி சொல்றது?"

"அப்ப நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நீ அந்தப் பக்கமே போகாத. உன் வாயில எதுவும் நிக்காது. எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டதுதான் இந்த அடுப்பு. காட்டில் சுள்ளிக்கா பஞ்சம்? டப்பா வேண்டாம், டப்பாவை மறந்த சண்டை வேண்டாம். அடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய், 'வாடா, நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஏரிக்கரைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்' என்று சொன்னால் முடிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையே தேவைப்படாது. அந்த வார்த்தை வாயில் வராத மனிதர்கள் ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்கு வருவார்கள்.

அடுத்த வாரம் புது டின் வாங்கப் போனார். பழையதில் எங்கோ கசிவு இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு.

"என்ன சார், உங்க தெருவுல எல்லாருக்கும் காலி டின் மேல திடீர்னு இவ்வளவு ஆசை?" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"விலைவாசி அப்படி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் களிமண் பிசைந்து இண்டு இடுக்கெல்லாம் பூசினார். குழாயைச் சுற்றிச் சாம்பலை நிரப்பினார். கீழேயிருந்து 'டங், டங்' என்று சுத்தியல் சத்தம் கேட்டது.

"பெட்டி அடிக்கிறான் போல" என்றார்.

"பாவம், ஒண்டியா" என்றாள் மனைவி.

வாத்தியாருக்கு மனசு கனத்தது. கீழே போய்ப் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர், மாடியில் உட்கார்ந்து மண் பிசைந்துகொண்டிருந்தார். அந்த அவசரத்தில் களிமண் காயும்வரை காத்திருக்காமல் பற்றவைத்தார்.

போன வாரமாவது டின்னுக்குப் பின்னாலிருந்துதான் புகைந்தது. இந்த வாரம் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் புகைந்தது. இருமிக்கொண்டே குனிந்து ஊதினார், புருவம் கருகியது. பக்கத்து வீட்டு அம்மாள் காயப்போட்ட வெள்ளை விரிப்பு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தெருவையே கருக்கிடுவீங்க போலிருக்கே!" என்று அந்த அம்மாள் கத்தினாள்.

வாத்தியாரின் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உங்களால எனக்கும் சேர்த்துப் பேச்சு. நான் என்ன பண்ணினேன்?"

"இதோ அணைச்சுடறேன், அணைச்சுடறேன்!"

இந்தத் தடவை இரண்டு வாளி. மறுபடி அதே சீறல், அதே வெள்ளைப் புகை. கீழே சுத்தியல் சத்தமும் நின்றுவிட்டது. புகை அவனையும் விரட்டியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. சமாதானத்துக்குச் செய்கிற சாமான், போய்ச் சேர்வதற்கு முன்பே இப்படிப் பகையை வளர்க்கிறதே!

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உச்சம். சுள்ளியை அடுக்கிவிட்டுத் தீப்பெட்டி எடுக்க உள்ளே போனவர், திரும்பி வந்து அப்படியே நின்றார்.

"ஏய், நீ பத்த வச்சியா?"

"நான் ஏன் பத்த வைக்கிறேன்? தீப்பெட்டி உங்க கையிலதானே இருக்கு?"

"அப்ப இது ஏன் புகையுது?"

இருவரும் அடுப்பைப் பார்த்தார்கள். அடுப்பைச் சுற்றிப் புகை நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

"நெருப்பில்லாம புகையுமா?" என்றாள் மனைவி.

வாத்தியார் யோசித்தார். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே தப்பே செய்யாமல் கணக்குப் போடுகிறவர். விடை உடனே வந்தது.

"போன வாரக் கங்கு! சாம்பலுக்குள்ள உயிரோட இருந்திருக்கு."

"ஒரு வாரமாவா?"

"சாம்பலோட குணமே அதுதாண்டி. நெருப்பை விடாது."

"ரெண்டு வாளித் தண்ணி ஊத்தினீங்களே?"

"பத்தலை."

தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து திறந்துவிட்டார். டின் நிறைந்து, தாழ்வாரம் நிறைந்து, மூலை ஓட்டை வழியே அருவி மாதிரிக் கொட்டியது. புகை விடாமல் போராடியது, அவரும் விடவில்லை. செய்த களிமண் வேலை எல்லாம் கரைந்து காலடியில் ஓடுவதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தொலைஞ்சு போ!" என்று அடுப்பைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "எவ்வளவு ஊத்தினாலும் அடங்க மாட்டியா?"

கீழே ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"போச்சு" என்றார் வாத்தியார், ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து. "புகை தாங்காம கதவைச் சாத்திக்கிட்டான். நல்லதுன்னு நினைச்சுப் பண்ண ஆரம்பிச்சு, இருக்கிற கொஞ்ச நாள்லயும் அவனை நிம்மதியா இருக்க விடாமப் பண்ணிட்டேன்."

மனைவிக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க. அடுப்பு இல்லாமலே போங்க. கூடப்பிறந்தவன்தானே, கடிச்சா தின்னுடுவான்?"

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார்.

அந்த ஒரே ஒரு தடவை கடைசிச் சனிக்கிழமை வந்தது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாம்பலை மாற்றினார், குழாயை நேராக்கினார், களிமண்ணை முறையாகக் காயவிட்டார். கையில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து தீக்குச்சியைக் கிழித்தார்.

தீ சத்தமில்லாமல் ஏறியது. புகை இல்லை. பின்னாலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. மூலையில் கூட இல்லை. அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை.

"பார்த்தியா! கணக்கு சரியா வந்துடுச்சு!"

தண்ணீர் கொதித்தது. இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கீழே ஒரே அமைதி. பெட்டி கட்டும் வேலை முடிந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். வாத்தியாருக்கு அப்போதே கீழே போகலாமா என்று தோன்றியது. ஆனால் டின் முழுக்கக் கரி. கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா? ராத்திரியே தேய்த்துத் துடைத்து, மேலே மிச்சப் பெயிண்டும் ஒரு கை பூசி வைத்தார்.

காலையில் சவரம் செய்துகொண்டார். நல்ல சட்டை போட்டுக்கொண்டார். படியில் இறங்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'வாடா' என்று தொடங்குவதா, 'டேய்' என்று தொடங்குவதா? கேஸ் டப்பா அலமாரியில் இருந்ததை முதலிலேயே சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்தார். அந்த முடிவு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது.

வாசலில் லாரி நின்றது. பீரோ, கட்டில் எல்லாம் ஏறியாகிவிட்டது. டிரைவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் எங்கே?"

"அவரு விடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸுல போயிட்டாருங்க. சாவியைக்கூட என்கிட்டதான் குடுத்தாரு."

"மாடியில... யார்கிட்டயும் எதுவும் சொல்லலையா?"

"அதெல்லாம் தெரியாதுங்க." டிரைவரின் பார்வை வாத்தியார் கையிலிருந்த டின் மேல் விழுந்தது. "அட, இது இன்னொண்ணா?"

"இன்னொண்ணுன்னா?"

டிரைவர் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தகரக் கூரைக்கு அடியில், அந்த ஒரு சாண் சந்தை ஒட்டிய சுவர் மூலையில் ஒரு பெயிண்ட் டின் கிடந்தது. அதே கடை டின். வயிற்றில் ஓட்டை, உள்ளே முழங்கைக் குழாய். பாத்திரம் வைக்கிற மூன்று கம்பிகள் வாத்தியார் வளைத்ததைவிட ஒழுங்காக வளைக்கப்பட்டிருந்தன. உள்ளே சாம்பல் சேறாகிக் கிடந்தது.

வாத்தியாருக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியும் காட்டை மறக்கவில்லை! தனக்குத் தோன்றிய அதே யோசனை அவனுக்கும் தோன்றியிருக்கிறது. பஸ்ஸிலே போனால் என்ன, ஊர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? இரண்டு அடுப்பையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போகிறது.

"இதை ஏன் வண்டியில ஏத்தலை?" என்று சிரித்தபடி கேட்டார்.

"வேணாம்னுட்டாருங்க" என்றார் டிரைவர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டே. "அண்ணன்கூடச் சமாதானமாகி மறுபடி காட்டுக்குப் போகலாம்னு ஆசையா செஞ்சாராம், பத்த வைக்கிறப்பல்லாம் அந்த அண்ணன் மாடியில இருந்து தண்ணியைக் கொட்டி அணைச்சுட்டாராம்."