ஹார்டு டிஸ்க் அடித்த கெட்டிமேளம்

வீட்டில் ஒருத்தன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால், சொந்தபந்தத்தில் கரண்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவன்தான் டாக்டர். மிக்ஸி சுற்றவில்லையா, கூப்பிடு அவனை. டிவியில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, கூப்பிடு அவனை. எனக்கு அந்த மரியாதை ரொம்பவே பிடித்திருந்தது. ('எனக்குத் தெரியாது' என்று சொல்லிப் பழகியிருந்தால், திட்டக்குடிப் பக்கம் இன்றைக்கும் தலை நிமிர்ந்து நடக்கலாம்.)

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டுக் கடலூரில் வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவைக் கொடுத்திருந்தது சிதம்பரத்தில். மாமா அங்கே கீழவீதிப் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். தங்கமான மனுஷன், ஒரே ஒரு வியாதி. கம்ப்யூட்டர் திரையில் என்ன எச்சரிக்கை வந்தாலும் படிக்காமல் ஓகே அமுக்கிவிடுவார். "ஓகே குடுத்தா போயிடும் மச்சான்" என்பார். அப்படிப் போனதுதான் அவருடைய ஹார்டு டிஸ்க். திட்டக்குடிக்காரர் ஒருவருடைய மூத்த மகளின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதோடு போயின.

அந்த மனிதர் வந்து சண்டை போட்டிருந்தால் மாமா தாங்கியிருப்பார். அவர் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவது பொண்ணு கல்யாணத்த நானே எடுத்துத் தர்றேங்க. ஒரு படம் கொறையாது" என்றார். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"எடுக்குற படம் அப்பப்ப மண்டபத்துலயே டிவில ஓடணும். என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

இந்தத் தடவையும் சொதப்பினால் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான். மாமா என்னை வரச் சொல்லி போன் போட்டார்.

ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதல் வேலையாகப் புது ஹார்டு டிஸ்க் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டேன். (யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு எந்த நோய்க்கும் லினக்ஸ்தான் மருந்து.) ஹார்டு டிஸ்க் தன் உடம்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் தானே குறித்து வைத்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரு காவல்கார ப்ரோகிராம் உண்டு. அது அரை மணிக்கு ஒரு தரம் டிஸ்க்கின் நாடி பிடித்துப் பார்த்து, ஏதாவது கோளாறு என்றால் மெயில் அனுப்பும்.

மாமாவுக்கு மெயில் கிடையாது. திரையில் எழுதிக் காட்டினால் ஓகே அமுக்குவார். 'பீப்' சத்தம் கீழவீதி இரைச்சலில் எடுபடாது. இந்த மனுஷன் எந்தச் சத்தத்துக்குத்தான் அசைவார் என்று யோசித்தேன். கல்யாண வீடியோவில் சேர்ப்பதற்காக அவர் வைத்திருந்த கெட்டிமேளம் கண்ணில் பட்டது. டிஸ்க்குக்கு ஆபத்து என்றால் அதை முழு வால்யூமில் அடி என்று காவல்காரனுக்கு உத்தரவு எழுதினேன்.

சாப்பிட்டுவிட்டு மேஜைமேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த மாமாவை வைத்துத்தான் சோதனை. மேளம் அடித்த மறுநொடி அவர் எழுந்து நின்றார், கையில் கேமரா. கண் இன்னும் திறக்கவில்லை. நான் என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

சூட்டுக்கு எல்லை எவ்வளவு வைப்பது என்று ஒரு குழப்பம் வந்தது. இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்காரர் நாற்பது டிகிரி என்று எழுதியிருந்தார், அதையே வைத்தேன். அவர் ஊரில் பனி கொட்டும் என்பதும், நான் அதை எழுதியது மார்கழி என்பதும், கல்யாணம் வைகாசியில் என்பதும் இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. ஸ்டுடியோவில் ஏ.சி. இருந்ததால் சித்திரை வெயிலிலும் மேளம் வாயைத் திறக்கவில்லை.

முகூர்த்த நாள் வந்தது, திட்டக்குடியில் மண்டபம். மேடை ஓரத்தில் கம்ப்யூட்டர், பக்கத்தில் பெரிய டிவி, சத்தத்துக்கு மண்டபத்து ஸ்பீக்கர். பெண்ணின் அப்பா முன்வரிசையில் நாற்காலி போட்டு, மகளைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓமப் புகை உள்ளே போய்விடக் கூடாதே என்ற அக்கறையில் நான் கம்ப்யூட்டர்மேல் ஒரு கெட்டியான போர்வையைப் போர்த்திவிட்டேன். (ஆமாம், வைகாசியில். நான் படித்தவன்.)

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் அட்சதை. அப்போது அடித்தது கெட்டிமேளம்.

சபையே எழுந்தது. அட்சதை மழையாகக் கொட்டியது. தங்களில் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து நிஜ மேளக்காரர்களும் சேர்ந்து வெளுத்துக் கட்டினார்கள். மாப்பிள்ளை வெறுங்கையோடு முழித்தார். தாலித் தட்டு எங்கோ எட்டாவது வரிசையில் இருந்தது.

"இருங்கோ! இருங்கோ! இன்னும் ஆகல!" என்று ஐயர் கத்தினார்.

"டேய் மச்சான், அது நம்ம மேளம்டா!" என்று அலறிய மாமா, பழக்கதோஷத்தில் ஒரு 'கிளிக்' செய்துவிட்டு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். மேளம் நின்றது. டிவியும் இருண்டது.

பெண்ணின் அப்பா மெல்ல எழுந்தார். "படம் போயிடுச்சா?" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "போவலைங்க, இதோ வந்துடும்" என்று பிளக்கைச் செருகி ஆன் செய்தேன்.

நாசமாய்ப் போன காவல்காரன், எழுந்ததும் செய்கிற முதல் வேலையே சூட்டைத் தொட்டுப் பார்ப்பதுதான். போர்வை அப்படியே இருந்தது. டிவியில் படம் வந்த அதே நேரத்தில் மறுபடியும் கெட்டிமேளம். மிச்சமிருந்த அட்சதையும் காலி. மாமாவின் கை தானாக இன்னொரு 'கிளிக்' செய்தது. அட்சதை தீர்ந்துபோன ஒரு அத்தை தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டார். நான் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாகத் தாலி மேடைக்கு வந்து சேர்ந்தது. ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். நிஜ மேளம் அடித்தது. ஒருத்தர் எழவில்லை. ஒரு அரிசி விழவில்லை. மொத்த சபையும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் ஒயரைத் தூக்கிக் காட்டி, "நான் இல்லைங்க!" என்று கத்தினேன். மாமா அந்த நொடியில் 'கிளிக்' செய்தார்.

அந்தப் படம் உடனே டிவியில் வந்தது. மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். அவரைத் தவிர மணப்பெண், ஐயர், மாப்பிள்ளையின் அம்மா, முன்வரிசை, பின்வரிசை எல்லாரும் இடதுபக்கம் பார்த்து முறைக்கிறார்கள். பெண்ணின் அப்பா டிவிக்குக் கிட்டே போய் நின்று பார்த்தார். மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது.

பெண்ணின் அப்பா திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "மூத்தவளுக்கு ஒரு கல்யாணத்துக்கே படம் இல்ல. சின்னவளுக்கு ஒரே முகூர்த்தத்துல மூணு கல்யாணம் பண்ணி, மூணுக்கும் படம் குடுத்திட்டீங்களேப்பா!"

மாமா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்தேன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

"அப்ப அதுக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார் மாமா.

"ஒண்ணும் இல்ல மாமா."

"அப்பறம் எதுக்குடா அடிச்சுது?"

"வேர்த்திருக்கும் மாமா."

சில வருஷம் கழித்து, கடலூரில் என் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்தேன், கெட்டிமேளம் அடித்தது, முடிச்சுப் போட்டேன். தலையில் எதுவுமே விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் அட்சதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிதானமாக மேடையைச் சுற்றி வந்து, எல்லா பிளக்கையும் பார்த்துவிட்டு, கையை உயர்த்தினார்.

"ஒரிஜினல்தான்! போடுங்க!"

பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். பந்தி முடிவதற்குள் அக்கா எல்லாருக்கும் விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். அதனால் இன்றைக்கும் நான் வீட்டில் எதையாவது அடித்துப் பேசினால், என் மனைவி உடனே நம்புவதில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "ஒரிஜினலா, இல்ல வேர்த்திருக்கா?"