இல்லாத சலீமின் அப்பாவுக்கு ஒரு வீடு

மரியாதைக்குரிய மூத்த சகோதரி, குதைபாவின் தாயார் ஃபௌசியா அவர்களுக்கு, அம்மான் நகரிலிருந்து தம்பி முன்திர் ஸலாம் கூறி எழுதுவது.

இறைவன் அருளால் நான் நலம். உன் முழங்கால், வாசல் மாதுளை, பக்கத்து வீட்டாரோடு உன் சண்டை எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். நீ போனை எடுப்பதில்லை என்று சபதம் செய்திருப்பதால், நம் ஊர் ஸல்த்துக்கு வாடகைக் கார் ஓட்டுபவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் அடித்தால் உன்னால் சும்மா இருக்க முடியும்; ஒட்டிய உறை ஒன்று கையில் இருந்தால் முடியாது.

முதலில் ஒன்று. நான் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகவில்லை. பெருநாள் முடிந்ததும் குதைபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தனி மாடி இல்லாத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மாடியில் இருந்தது நான். ஆகவே இறங்கினேன், சாதாரணக் கழித்தல் கணக்கு. நீ, "கீழ விருந்தாளி அறையில படுத்துக்கயேன், யாரு வேணாங்கறா?" என்றாய். அக்கா, விருந்தாளி அறையில் ஒரு மனிதன் நிம்மதியாக இருமக்கூட முடியுமா? ஒரு உதாரணம் சொல்கிறேன். தலைமையாசிரியர் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார். மெத்தையாகத்தான் இருக்கும், ஆனால் எந்த நிமிடமும் எழுந்திருக்கத் தயாராகவே உட்கார்ந்திருப்பாய். "ஒரு வாரத்துல பெட்டியோட திரும்பி வருவே, பாரு!" என்று நீ வாசலில் நின்று கத்தியது தெருமுனை வரை கேட்டது. அதனாலேயே, திரும்பி வரக்கூடாது என்ற வைராக்கியத்தோடு வீடு தேடினேன்.

அறுபத்துமூன்று வயதில் ஒருவன் முதல்முறையாக வீடு தேடும்போது தெரிந்துகொள்வது என்னவென்றால், அம்மான் முழுக்கக் காலி வீடுகள் இருக்கின்றன, எல்லா வாசலிலும் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் போனில், "எத்தனை பேரு?" என்றார். "நான் மட்டும்தான்." "தனி ஆம்பளையா? வாலிபப் பசங்களுக்குக் குடுக்கறதில்ல." "எனக்கு வயசு அறுபத்துமூணு, ஐயா." "அப்ப இன்னும் மோசம். இந்த வயசு வரைக்கும் ஒருத்திகூட உங்கள நம்பலன்னா நான் எப்படி நம்பறது?" என்று வைத்துவிட்டார். நியாயமான வாதம்தான். இன்னொரு இடத்தில் வீட்டுக்காரரின் அம்மா என் பெட்டியை எட்டிப் பார்த்து, "இதுல வீணை கீணை எதுவும் இருக்கா? ராத்திரியில பாட்டு, கூத்து?" என்றார். பெட்டியில் இருந்தது வடிவியல் புத்தகங்களும் நீ கட்டிக் கொடுத்த ஆலிவ் ஊறுகாயும்.

கடைசியில் நவ்வாஃப் அகப்பட்டான். என் வகுப்பில் பின்னக் கணக்கைக் கண்டாலே கண் கலங்குவானே, அவன்தான். இப்போது வீட்டுத் தரகன். "உஸ்தாத், நீங்க வாயத் திறக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று லுவைப்தா மேட்டில் ஹைத்தமின் தாயார், உம்மு ஹைத்தம் என்ற அம்மாளிடம் கூட்டிப்போனான். கணவரை இழந்தவர், கட்டடம் அவருடையது. நவ்வாஃப் என்னைக் காட்டி, "ஹாஜ்ஜா, இவர்தான் அபூ சலீம்" என்றான். அதில் பொய் இல்லை, அக்கா. பிள்ளை இல்லாதவனையும் வெறும் பெயரால் கூப்பிட நம்மவர்களுக்கு நாக்கு வராது. மகன் பிறந்திருந்தால் அவனுக்குத் தாத்தா பெயரைத்தானே வைத்திருப்பான் என்று, நம் அப்பாவின் பெயரைச் சேர்த்து, இளவயதிலிருந்தே என்னைச் சலீமின் தந்தை என்றுதானே அழைக்கிறார்கள். அந்த அம்மாள் காபியை நீட்டிக்கொண்டே, "மாஷா அல்லாஹ், சலீம் என்ன பண்றார்?" என்றார். என் வாயில் கொதிக்கும் காபி. நவ்வாஃப் முந்திக்கொண்டான்: "துபாயில இன்ஜினியர்." "வீட்டுக்காரம்மா?" நவ்வாஃப் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "அடடா, அல்லாஹ் ரஹ்மத் பண்ணட்டும்" என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. யாருக்காக என்று கேட்காதே. ஊரார் பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்பு மையில் திருத்தியவன், அந்த ஒரு தப்பைத் திருத்தாமல் காபியோடு விழுங்கிவிட்டேன். சாவி கிடைத்தது.

பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் என்று கற்பித்தவன் நான். என் பூஜ்யமோ நாளுக்கு நாள் வளர்ந்தது. கட்டடக் காவல்காரர் வந்து தன் மச்சானுக்குச் சலீமிடம் வேலை கேட்டார். உம்மு ஹைத்தம் திராட்சை இலைச் சுருளும் வெள்ளிக்கிழமைகளில் தயிரில் வெந்த ஆட்டுக்கறிச் சோறும் அனுப்பிவிட்டு, கூடவே தங்கச்சி மகள் லுப்னாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பெண் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். "சலீம் போட்டோ ஒண்ணு காட்டுங்களேன், அபூ சலீம். பொண்ணு பாக்கணும்ங்கறா." ஒரு நல்ல பெண்ணை இல்லாதவனுக்காகக் காக்க வைப்பதா? வீடு போனால் போகட்டும், உன் வாயில் விழுந்தாலும் பரவாயில்லை என்று, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, ஒரு டப்பா இனிப்போடு கீழே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி இல்லை, மகன் இல்லை, துபாயும் இல்லை.

அந்த அம்மாள் இனிப்பு டப்பாவை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "ஒரு நாள்கூட அவன் போன் பண்ணி நான் பாக்கல" என்றார். "அதுலயே சந்தேகம் வந்திருக்கணும்" என்றேன். "ஏன் வரணும்? என் ஹைத்தம் கனடாவுல இருக்கான். அவனுந்தான் பண்றதில்ல. உங்க பிள்ளையும் என் பிள்ளை மாதிரின்னு நெனச்சேன்."

இனிப்பு டப்பாவை நான்தான் பிரித்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். "பெட்டியப் பிரிங்க. ஆனா கட்டடத்துல நான் என்னன்னு சொல்றது? லுப்னாவ வேணான்னுட்டான்னு சொல்லிடறேன். திமிர் பிடிச்ச பய" என்றார். இப்போது படிக்கட்டில் எல்லோரும் சலீமைத் திட்டுகிறார்கள். சிரிக்காதே, அக்கா, யாராவது அவனைத் திட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "அவனுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுகிறேன்.

ஆகவே, எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் வெயில் வருகிறது. முட்டையை எனக்குப் பிடித்த பதத்தில் நானே வேக வைக்கிறேன், யாரும் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. மாடிக்கு வெள்ளை அடித்துப் பிள்ளைகளைக் குடிவை. நான் திரும்பி வருவதாக இல்லை என்பதை அன்போடும் உறுதியோடும் தெரிவித்துக்கொள்கிறேன். குதைபாவுக்கும் வரப்போகும் மருமகள் ரஹஃபுக்கும் என் துஆ. இறைவன் உன் முழங்காலுக்கு வலுவும் நாக்குக்கு ஓய்வும் அருளட்டும்.

உன் தம்பி,
முன்திர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குதைபாவும் ரஹஃபும் வந்தார்கள். நீ உட்கார்ந்துகொண்டு படி. பெண்ணுக்கு மாமியார் வீட்டு மாடி வேண்டாமாம். "அத்தை நல்லவங்கதான் மாமா. ஆனா நான் கொதிக்க வைக்கிற பானைய மேல ஏறி வந்து தெறந்து பாப்பாங்களாமே?" என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? குதைபா அம்மானிலேயே வீடு தேடினானாம். உம்மு ஹைத்தம் இருவரையும் பார்த்ததும், "குடும்பம்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். இந்தக் கட்டடத்தில் காலியாக வேறு வீடு இல்லை. என் வீட்டைத்தான் கேட்கிறார்கள். உன்னிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. மாமாவை எழுதச் சொல்கிறான். பையன் மேல் கோபப்படாதே. விருந்தாளி அறை வேண்டாமென்று நான் போனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உம்மு ஹைத்தம் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "நீங்க போயிட்டா, சலீம் போன் பண்ணா நான் என்ன சொல்லட்டும்?" என்கிறார்.

ஆக, அக்கா, உன் மாடி காலி. அதற்கு ஒரு ஆள் விண்ணப்பிக்கிறான். தனி ஆள். வயது அறுபத்துமூன்று. கதவுக்குத் தன் சொந்தப் பூட்டுப் போட்டுக்கொள்வான். பானையை யாரும் திறக்கக் கூடாது. குடும்பங்களுக்கு மட்டும் என்று சொல்லிவிடாதே. அவனுக்கு ஒரு மகன் இருக்கிறான், துபாயில்.