சந்தியில் தொங்கவேண்டிய முகம்

டொம்ஃபே தன் தட்டிலிருந்த வள்ளிக்கிழங்கையும் கருவாட்டுக் கீரைக் குழம்பையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி. விரலை நக்கி, கை கழுவி, தோளில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்து பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், எடுடா."

மகன் அட்டகோரா எடுக்கவில்லை. கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தம் புதுக் கேமரா. முன்பக்கத்தில், கண் இருக்கவேண்டிய இடத்தில், வட்டமாக ஓர் ஓட்டை.

"என்னடா அது பொந்து?"

"பெட்டியில இவ்வளவுதாம்பா இருந்தது."

டொம்ஃபே நாற்பது வருஷம் குமாசி நகரத்துக்கும் வடக்கே தமாலேக்கும் லாரி ஓட்டியவர். கேமராவை வாங்கி ஓட்டைக்குள் பார்த்தார். "முன்கண்ணாடி இல்லாத வண்டிய உன் தலையில கட்டிட்டான். பெட்டியில ஒண்ணும் எழுதலியா?"

எழுதியிருந்தது. 'உடல் மட்டும்' என்று போட்டிருந்தது. பை கொடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று அட்டகோரா நினைத்திருந்தான்.

அவன் எஜிசுவில் அறிவியல் ஆசிரியர். எதையும் அளக்காமல் வாங்கமாட்டான். நவம்பரிலிருந்து ஒரு நோட்டில் பதினான்கு கேமராக்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதினொரு கட்டம் போட்டு நிரப்பியிருந்தான். எடை, விலை, பேட்டரி தாங்கும் நேரம் எல்லாம் இருந்தது. லென்ஸ் சேர்த்தா சேர்க்காமலா என்ற கட்டம் மட்டும் இல்லை.

அதற்குமுன் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்துபோகிறவன், நோட்டுப் போட்ட பிறகு ஞாயிறுதோறும் இரண்டு ட்ரோட்ரோ வேன் மாறி அப்பா இருந்த க்வடாசோவுக்கு வந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக் காட்டுவான். அவருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"அந்த ஒன்பதாவது கேமராவ இன்னொரு தடவ படி."

படிப்பான்.

கேமரா விளையாட்டுக்கு இல்லை. டொம்ஃபேக்கு இதயம் வீங்கியிருந்தது. டாக்டர் வருஷக் கணக்கில் பேசுவதை நிறுத்தியிருந்தார். அவர் போனால் அந்தச் சாவு அட்டகோராவுடையது ஆகாது. அம்மா வழிதான் குடும்பம் என்றிருக்கிற ஊர். அப்பாவின் உடல், வீடு, அடக்கத் தேதி எல்லாம் அத்தை மக்களுக்குப் போகும். பெற்ற பிள்ளைக்கு உள்ள ஒரே கடமை சவப்பெட்டி வாங்கித் தருவது. பெட்டியோ மண்ணுக்குள் போய்விடும். சந்தியில் எட்டடி உயரத்துக்குத் தொங்கும் பேனர்தான் மாதக்கணக்கில் நிற்கும். அதில் எந்தப் படம் போடுவது என்பதும் அத்தை மக்கள் இஷ்டம்தான். ஆனால் அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். அப்பாவின் வாக்காளர் அட்டை.

"அதுல நான் கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறேன்" என்றார் டொம்ஃபே. "அத எட்டடிக்கு அடிச்சா, என்னைப் பொதைக்க வர்றவன்லாம் வீட்டுக் கோழிய எண்ணிப் பாத்துட்டுத்தான் வருவான்."

அதைவிட நல்ல படம் ஒன்று இருந்தால் அவர்களும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அப்பாவை ஊர் எந்த முகத்தோடு ஞாபகம் வைக்கிறது என்பதாவது தன் கையில் இருக்கட்டும் என்று அட்டகோரா நினைத்தான்.

"இதுக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்றாள் அவன் மனைவி சர்ப்போமா. "மாமா, இப்படித் திரும்புங்க, நான் போன்ல எடுத்துடறேன்."

டொம்ஃபே துணியைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "போன்ல புடிக்கிற மூஞ்சியா இது? எம்மவன் கேமராவுல எடுப்பான்."

---

குமாசிக் கடைத்தெருவான அடுமில் கேமராக் கடை வைத்திருந்த ஹருனா வருத்தப்பட்டான். "லென்ஸ் தனி வாத்தியாரே. நீங்க நோட்டுல பெட்டியோட எடைய எழுதிக்கிட்டே இருந்தீங்களா, தெரிஞ்சுதான் வாங்குறீங்கன்னு விட்டுட்டேன்."

லென்ஸ் விலை கேமரா விலையைவிட அதிகமாக இருந்தது. அதனால் சர்ப்போமாவின் அண்ணனுக்குச் செய்தி போயிற்று. ஹாம்பர்கில் இருப்பவர். லென்ஸ் என்றதும் உற்சாகமாகி, தெரிந்தவர் கையில் பழைய லென்ஸ் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வந்தது. முழங்கை நீளம் இருந்தது. ஓட்டையில் பொருந்தவில்லை. அது வேறு கம்பெனி.

"அதுக்கு ஒரு வளையம் இருக்கு" என்றான் ஹருனா. "இந்தப் பக்கம் இந்தக் கம்பெனி, அந்தப் பக்கம் அந்தக் கம்பெனி. நடுவுல கல்யாணத் தரகர் மாதிரி."

வளையம் போட்டதும் பொருந்தியது. ஆனால் தானாகத் தெளிவாக்காது, கையால் திருகவேண்டும். அதுமட்டுமல்ல. அது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் லென்ஸ். முற்றத்தில் நின்று பார்த்தால் அப்பாவின் ஒரு மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்தது.

அட்டகோரா பின்னால் போனான். சுவர் வந்தது. கேட்டைத் திறந்து வெளியே போனான். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கச் சாக்கடை ஓரம் நின்றபோதுதான் அப்பாவின் முழு முகம் உள்ளே வந்தது.

"சிரிங்கப்பா!" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

"என்ன?"

"சிரிங்க!"

"யாரு செத்தா?"

அவர் சிரித்த நொடியில் நடுவில் ஒரு ட்ரோட்ரோ வந்து நின்று இரண்டு பேரை இறக்கியது. முதல் படத்தில் ஒரு பெண்மணியின் தலையில் தக்காளிக் கூடை. இரண்டாவதில் 'மேட்' என்கிற கண்டக்டர் பையனின் கை. மூன்றாவதில், திருகித் திருகி ஒருவழியாக, அப்பா. வாய் கொஞ்சம் திறந்து, கண்ணில் வெளிச்சத்தோடு, யாரையோ கிண்டல் செய்யப்போகிறவர் மாதிரி இருந்தார்.

ஓடிவந்து காட்டினான். டொம்ஃபே வெகுநேரம் பார்த்தார்.

"காது பெருசா இருக்குடா."

"உங்க காது அப்படித்தாம்பா."

"அதுக்குன்னு ஊருக்கே காட்டணுமா? அழிச்சிடு. வேற லென்ஸ் பாரு. நல்லதாப் பாரு, அவசரமில்ல."

அட்டகோரா அழித்தான். அன்று அவர் பாதித் தட்டு சாப்பிட்டார்.

---

அந்த நீள லென்ஸைத் தெருவே பார்த்துவிட்டது. குமாசியில் சனிக்கிழமை என்றால் சாவு வீடு. சாவு வீட்டில் படம் எடுக்கிறவர்களுக்குள் லென்ஸ் நீளம்தான் மரியாதை. சின்ன லென்ஸ்காரன் பந்தல் ஓரம், பெரிய லென்ஸ்காரன் பெட்டிக்குப் பக்கத்தில். மூன்றாவது வீட்டு விதவை நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, என் வீட்டுக்காரர நீங்கதான் எடுக்கணும்."

"அம்மா, எனக்கு இன்னும் சரியா வராது."

"இவ்வளவு பெருசு வெச்சிக்கிட்டா?"

"போடா" என்றார் டொம்ஃபே. "கை பழகும்."

போனான். கூட்டம் வழிவிட்டது. பெட்டிக்கு ஓர் அடி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் நகர முடியாதபடி உறவுக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அங்கேயே நின்று எடுத்தான். அங்கே எல்லாப் படமும் சாயங்காலத்துக்குள் அச்சாகி வந்தவர்கள் கைக்குப் போய்விடவேண்டும். போயிற்று. பதினேழு படம், பதினேழிலும் இறந்தவரின் இடது காது.

விதவை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அவருக்கு இன்னொரு காது இருந்துச்சே" என்றாள்.

அட்டகோரா பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் வந்து சொன்னபோது, டொம்ஃபே இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு அந்த இருமல் நிற்கவில்லை. சர்ப்போமா முதுகைத் தடவிக் கொடுத்தாள். மாத்திரையும் ஒரு வாய் கஞ்சியும்தான் அன்றைக்கு உள்ளே போனது.

"எங்க, சின்ன லென்ஸப் பத்தி நோட்டுல என்ன எழுதியிருக்க, படி" என்றார்.

சின்ன லென்ஸில் இரண்டு வகை இருந்தது. ஒன்று முகத்துக்கு நல்லது. இன்னொன்று முகத்தோடு துணி, நாற்காலி எல்லாவற்றுக்கும் நல்லது. அட்டகோரா புதிதாகக் கட்டம் போட்டான்.

"ஏதாவது ஒண்ண வாங்கித் தொலைங்க" என்றாள் சர்ப்போமா, தனியாக அழைத்துப்போய். "அவரு மூஞ்சி வாரத்துக்கு வாரம் எளைச்சிக்கிட்டே போவுது. நீங்க லென்ஸ்ல மில்லிமீட்டர் பாக்கறீங்க."

"தப்பா வாங்கிட்டா?"

"இதுவரைக்கும் சரியாவா வாங்கினீங்க?"

அப்பாவைக் கேட்டான். டொம்ஃபே யோசித்தார். "துணியும் விழணும்னு தோணுது. இல்ல, மூஞ்சி மட்டும் போதுமோ? அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரம் மறுபடி மாற்றினார். அதற்கடுத்த வாரம் நாற்காலியில் உட்காரமுடியவில்லை. கட்டிலில் தலையணை வைத்து நிமிர்த்தினார்கள். அப்போதும் தோளில் துணியைப் போடச் சொன்னார்.

வியாழக்கிழமை அட்டகோரா பள்ளிக்கு விடுப்புப் போட்டு அடுமுக்குப் போனான். நீள லென்ஸையும் வளையத்தையும் ஹருனாவிடம் கொடுத்து முகத்துக்கு நல்லதை வாங்கினான். ஹருனா கையிலேயே மாட்டிக் காட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. பேட்டரி காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கரண்ட் வந்தது. சிவப்பு விளக்கு பச்சையாக மாறக் காத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவை அவசரமாகக் கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து சர்ப்போமா கூப்பிட்டாள்.

"பேட்டரி ஏறிடுச்சா?" என்று கேட்டாள். பிறகு அழுதாள்.

---

அந்தப் புது லென்ஸில் முதன்முதலாக விழுந்த படம் அத்தை மகன் கியாமேரா. கேட்டைத் திறந்துகொண்டு, கறுப்புச் சட்டையில், கையில் வாக்காளர் அட்டையோடு வந்துகொண்டிருந்தான். அட்டகோரா சும்மா மடியில் வைத்திருந்தான். விரல் பட்டு எடுத்துவிட்டது. கியாமேராவின் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

அட்டகோராவைவிட இரண்டு வயது இளையவன். முந்தின வாரம் வரைக்கும் மச்சான் என்று கூப்பிட்டவன், தோளில் கை வைத்தான்.

"மகனே."

"என்னடா?"

"மாமா இடத்துல இனிமே நான்தான். குடும்பம் கூடி முடிவு பண்ணிடுச்சு. உனக்கு நான் அப்பா முறை." கியாமேரா நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெட்டி நல்லதா வாங்கு, மகனே. பேனர நாங்க பாத்துக்கறோம். இந்த ஒரு படம்தான் கிடைச்சுது. கொஞ்சம் முழிக்கிறாரு. பரவால்ல."

"ரெண்டு நாள் குடு. நான் தேடித் தரேன்."

"உங்கிட்ட இல்லாமலா? ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம எடுத்தியே?"

அட்டகோரா கேமராவை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். கியாமேரா போன பிறகு அவனும் சர்ப்போமாவும் பீரோவையும் பெட்டியையும் பாயையும் உதறித் தேடினார்கள். லாரி லைசென்ஸில் இருந்தது எலி தின்ற பாதி முகம். மடியில் மூன்று அட்டைப் பெட்டியும் பதினான்கு கேமராவின் எடையும் வைத்துக்கொண்டு அட்டகோரா தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு இருந்துச்சு" என்றான். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்தது."

"அத அழிக்கச் சொன்னது அவருதாங்க" என்றாள் சர்ப்போமா. "நீங்க சொன்னதக் கேட்டீங்க."

அது ஆறுதலாக இல்லை. நாற்பது வயதில் ஒருவன் எதையெல்லாம் கேட்கவேண்டும்?

திங்கட்கிழமை கியாமேராவோடு அவனும் பேனர் அச்சடிக்கும் கடைக்குப் போனான். க்வடாசோவில் யார் செத்தாலும் அந்தக் கடைதான். நடத்துகிறவள் பெயர் அடிசா. சூயிங்கம் மென்றுகொண்டே அட்டையை வாங்கித் திரையில் பெரிதாக்கினாள். அப்பாவின் கண்கள் திரையிலிருந்து பிதுங்கின.

"கண்ண மட்டும் கொஞ்சம் சாந்தமாக்க முடியுமா?" என்றான் அட்டகோரா. "அவரு இப்படி இல்லம்மா. இப்படி ஒரு நாளும் இருந்ததில்ல."

"பேரு சொல்லுங்க, பாப்போம்."

"டொம்ஃபே."

அடிசா மெல்லுவதை நிறுத்தினாள். "லாரி டொம்ஃபேயா? தமாலே லைன்?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அவரோடதுதான் எப்பவோ ரெடியாயிடுச்சே."

மூலையில் நின்ற சுருள்களில் ஒன்றை உருவி மேசையிலிருந்து தரைவரைக்கும் விரித்தாள். எட்டடி. தோளில் நீலத் துணியோடு, கன்னம் சதைப்பற்றாக, ஒரு கையைத் தொடையில் ஊன்றி டொம்ஃபே சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று இல்லாதது தெரிந்தது. காது அவருடைய காது அளவுக்கே இருந்தது. கீழே பெயர், வயது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

கியாமேரா வாக்காளர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டான். "இத விட என்ன வேணும்" என்றான் மெதுவாக.

"எப்ப எடுத்தது?" அட்டகோரா கேட்டான்.

"ஜனவரியில. ஒரே தூசி அடிச்சுதே, அந்த வாரம். தானா நடந்து வந்தாரு. பின்னாடி திரை முன்னால உக்கார வெச்சேன். மூணே நிமிஷம்."

"எந்தக் கேமராவுல?"

"கேமராவா?" அடிசா மேசையில் கிடந்த தன் போனைக் காட்டினாள்.

வெளியே சந்தியில் மேட் ஒருவன் அடுமுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அட்டகோரா தரையில் உட்கார்ந்து அப்பாவின் கால் பக்கத்துச் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினான்.

"எங்கிட்ட ஏம்மா அவரு ஒரு வார்த்தை சொல்லல?"

"நானும் கேட்டேன் சார், உங்க மவன்கிட்ட காட்டலியான்னு" என்றாள் அடிசா. "'படம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா அவன் ஈஸ்டருக்குத்தான் வருவான்'னாரு."