அபூ மன்ஹலின் சைலன்சர்

பேட்டரிப் பெட்டியில் மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. கையில் உருட்டிக்கொண்டிருந்த கிப்பே உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு நுஹாத் ஓடினாள். பொழுது இப்போதுதான் சாய்ந்திருந்தது. விடியும்வரை ஃப்ரீசரைத் தாங்க வேண்டிய பேட்டரி அதற்குள் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. சில வாரங்களாகவே இதே கூத்து.

ஃப்ரீசர் நிறைய கறி கிப்பே. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு. அது கெட்டுப்போனால் நுஹாத்தின் சமையல் தொழிலே படுத்துவிடும். அதைவிட மோசம், தெருக்கோடி ஜெனரேட்டர்காரர் அபூ மன்ஹலின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

திரிப்போலியில் அரசாங்க மின்சாரம் வந்தால் வந்தது. மற்ற நேரமெல்லாம் வீட்டுக்கு வீடு வயர் இழுத்து அபூ மன்ஹல்தான் படியளந்தார். டீசல் விலை ஏறினால் சந்தாவும் மறுநாளே ஏறும். இறங்கினால் அவருக்கு ஞாபகமே வராது. பொறுத்துப் பார்த்த நுஹாத் கல்யாண வளையல்களை விற்று, மாடியில் சோலார் தகடும் வீட்டில் பேட்டரியும் வைத்தாள். சந்தாக் காசை மிச்சம் பிடித்தால் மூன்று வருஷத்தில் வளையல் கைக்கு வந்துவிடும் என்பது அவள் கணக்கு. அவளைப் பார்த்து மற்றவர்களும் தகடு வைக்க, அபூ மன்ஹலுக்கு நாலைந்து வீடுதான் மிஞ்சியது.

சந்தாவை நிறுத்தப் போன அன்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காபி வரவழைத்தார்.

"வயர் அப்படியே கிடக்கட்டும் நுஹாத். எப்படியும் திரும்பி வரத்தான் போற. அப்ப மறுபடி எவன் இழுக்கிறது?"

ஒருவர் காபியைக் குடித்துவிட்டு அவர் வயரை அறு என்று சொல்வது மரியாதையா? நுஹாத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

இப்போது அவள் சந்தேகம் பக்கத்து வீட்டு ஹியாம் மேல் விழுந்தது. உச்சிவெயிலில் மின்சாரம் வீணாகிறதே என்று, "துணிய என் மெஷின்ல போட்டுக்கோ" என்று நுஹாத்தான் ஒரு நாள் சொல்லிவைத்தாள். இப்போது பாதித் தெரு அழுக்கு மூட்டையோடு வந்தது. காசு கேட்க வெட்கம். வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்பவும் முடியாது.

"ஹியாம், கொஞ்ச நாளைக்குத் துணி வேண்டாம்டி."

"ஏன், எங்க வீட்டு அழுக்கு மட்டும் கசக்குதா?"

"பேட்டரி இறங்குது."

"பட்டப்பகல்ல துவைக்கிற துணிக்கு ராத்திரி எப்படி இறங்கும்? காபித்தூள மிச்சம் பிடிக்கிறேன்னு நேரா சொல்லேன்!"

மறுநாளைக்குள் நுஹாத்துக்குக் கஞ்சப்பட்டம் கிடைத்துவிட்டது. பேட்டரி அப்போதும் இறங்கியது.

அடுத்து விளக்குகளை அணைத்தாள். டிவி பிளக்கைப் பிடுங்கினாள். கணவன் சமீஹ் இருட்டில் காபியை வாயில் வைத்தவன் அப்படியே துப்பினான்.

"என்னடி இது, உப்பு கரிக்குது?"

"இருட்டுல எது சர்க்கரைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா தாயே, அந்த ஆள்கிட்டயே ரெண்டு ஆம்பியர் வாங்கிடு. விருந்தாவது முடியட்டும்."

நுஹாத்துக்குப் போக மனமே இல்லை. ஆனாலும் போனாள். அபூ மன்ஹலின் கடையில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. மின்விசிறியின் கீழ் மனிதர் சாய்ந்திருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"ரெண்டு ஆம்பியர்தானே, தாராளமா எடுத்துக்க. பழைய வயர்தான். நான் இங்க சுவிட்சத் தட்டினா போதும்." முன்பணத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"ஆமா, ஜெனரேட்டர் சத்தமே காணோமே?"

"புது சைலன்சர்! பக்கத்துல நின்னாலும் கேக்காது."

அன்று சாயங்காலம் அந்த இணைப்பில் பேட்டரியைச் சார்ஜ் போட்டாள். ஏறவில்லை. அதுவரை இல்லாத வேகத்தில் இறங்கியது. சமீஹ் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான், கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தான்.

சனிக்கிழமை வந்தது. பகல் வெயிலில் நிறைந்த பேட்டரி மாலையில் மறுபடி இறங்கத் தொடங்கியது. எதிர்மாடியில் அபூ மன்ஹல் வீட்டு டிவியில் கால்பந்து ஆட்டம். ஊரே கேட்கும் கூச்சல். நுஹாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் மின்சாரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த வீட்டுல ஃப்ரீசரத் தவிர ஒரு குண்டூசிக்குக்கூட கரண்டு கிடையாது!"

ஃப்ரீசரின் பிளக்கைப் பேட்டரிப் பெட்டியிலேயே நேராகச் செருகினாள். வீட்டுக்குப் போகும் மெயின் சுவிட்சை ஓங்கி இறக்கினாள்.

கூச்சல் பாதியில் நின்றது. அபூ மன்ஹல் வீட்டு விளக்குகள் அணைந்தன. தெருக்கோடியில் அவர் கடை இருண்டது. அவரிடம் சந்தா கட்டும் வீடுகளும் ஒவ்வொன்றாக இருண்டன. நுஹாத்தின் ஃப்ரீசர் மட்டும் ஜம்மென்று ஓடியது. பேட்டரியின் சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறியது.

நுஹாத் சுவிட்சையும், ஜன்னல் வழியே வெளியே போகும் அந்தப் பழைய வயரையும், எதிர்மாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே கதவைத் திறந்துகொண்டு அபூ மன்ஹலின் மனைவி ஓடி வந்து, கம்பியைப் பிடித்தபடி கத்தினாள்:

"நுஹாத்து கண்ணு, சுவிட்சப் போடும்மா! டீசல் கட்டுப்படியாகலைன்னு இந்த மனுஷன் ஜெனரேட்டர வித்து ஒரு மாசமாச்சு. சந்தா எவ்வளவுன்னு நீயே சொல்லு, நாங்க கட்டிடறோம்!"