எச்சம் என்று எழுதிய டப்பா

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. "நலம்" என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முப்பத்தாறு வருடம் இலக்கணம் நடத்திய கை, பொய் எழுத வளைய மறுக்கிறது. நீயாவது குடும்பத்தோடு சௌக்கியமாக இரு. இந்தக் கடிதம் உன் அக்கா கண்ணில் படக் கூடாது. படித்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்துப் பக்குவமாகச் சொல்.

உன் மருமகளின் ஆராய்ச்சிக் கூடாரத்துக்கு நான் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மூன்று வருடமாக இந்த மலையில் சாம்பல் காட்டுப்பூனையைத் தேடுகிறாள். ஒருத்தரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு இடத்தில் அது நடமாடியதற்கு அடையாளம் காட்ட வேண்டும். இல்லையென்றால் மலையைக் கல்குவாரிக்கு விட்டு வெடி வைத்துவிடுவார்கள். கிடைத்திருப்பதோ ஒன்றே ஒன்று. என் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. பெற்றவன் சும்மா உட்கார முடியுமா? கூடாரங்களில் ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் பிழை திருத்தினேன். சமையல்காரரிடம்கூட, "மிச்சம் என்று எழுதாதீர்கள், கொச்சை, எச்சம் என்பதே நல்ல தமிழ்" என்று சொல்லிக்கொடுத்தேன். "சரிங்கய்யா, எப்படி எழுதினாலும் ருசி ஒண்ணுதானே" என்றார்.

இன்று காலை சமையல் கூடாரத்தை ஒழுங்குபடுத்தப் புகுந்தேன், புகுந்தவன் சும்மா வந்திருக்கலாம், மூலையில் "எச்சம்" என்று எழுதிய ஒரு டப்பா, திறந்தால் கன்னங்கரேலென்று சுருண்டு காய்ந்த நாலைந்து துண்டு, என்றைக்கோ மிஞ்சியதைக் கொட்ட மனசில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நானே ஓடைப்பக்கம் கொட்டி, டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டுக் கை துடைக்கிறேன், உன் மருமகள் வண்டிக்காரரிடம் பேசுவது காதில் விழுகிறது: "நாளைக்குக் காலைல லேபுக்குக் கொண்டுபோயிடுங்கண்ணே. நம்மகிட்ட இருக்கிறதே அந்த ஒரு எச்சம்தான். அது போச்சுன்னா மலையே போச்சு."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஐயோ மச்சான், இவர்கள் தொழிலில் எச்சம் என்றால் மிருகத்தின் கழிவு! பறவைதான் எச்சமிடும் என்று நினைத்திருந்தேன். பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் கரைத்துக் குடித்தவனுக்குப் பூனையெச்சம் தெரியவில்லை.

டப்பாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். கொட்டின இடத்தில் ஒரு துணுக்குகூட இல்லை, ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது. சரி, பூனை ஓர் இடத்திலா போகும் என்று மேலே ஏறினேன், என் முட்டிதான் உனக்குத் தெரியுமே, பனி மூடி முன்னால் போட்ட கால் தெரியவில்லை, பாறையில் ஒரு கை வழுக்கிவிட்டது, இன்னொரு கை வேரைப் பிடித்துத் தொங்குகிறது, கீழே எவ்வளவு பள்ளம் என்று பார்க்கத் தைரியமில்லை. ஒருவழியாக மேலே போய்விழுந்தால், யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கிற மாதிரிப் பிடரி சிலிர்த்தது. காற்றே இல்லை, புதர் அசைகிறது. "யார்ரா அது?" என்று கடைசி பெஞ்சை அதட்டும் குரலில் கேட்டேன். புதர் அடங்கிவிட்டது. பக்கத்துப் பாறையிடுக்கில் கறுப்பாக, முடி ஒட்டி, அதே மாதிரித் துண்டுகள். அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். கால்சட்டையின் பின்பக்கம் மலையோடு போயிற்று.

மதியம் காளான் சூப். உன் மருமகள் கவலையில் ஒரு வாய் எடுக்கவில்லை. எனக்கோ பயத்தில் பசி. ருசியும் என்றைக்கும் இல்லாத ருசி, கேட்டு வாங்கி இரண்டாவது கிண்ணமும் குடித்தேன். ஒரு முடி வந்தது. நாகரிகம் கருதி ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

நான் வைத்தது நரியுடையதோ, நாயுடையதோ, யார் கண்டது? நாளை அது போனால் அவளைப் பொய்க்காரி என்பார்கள். உண்மையைச் சொன்னாலோ, மூன்று வருட உழைப்பு பெற்ற அப்பன் கையாலேயே நாசம். சின்ன வயதில் ஓர் எழுத்து விட்டாலும் பத்துத் தரம் எழுத வைத்தவன் நான். இந்தப் பிழையை எத்தனை தரம் எழுதினால் தீரும்? அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, மச்சான். இதை மடித்ததும் போய்ச் சொல்லிவிடப் போகிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் அக்காவிடம் எனக்காக மன்னிப்பு.

இப்படிக்கு,
பிழை திருத்தப் போய்ப் பிழையான உன் அத்தான்

பி.கு.: சொல்லிவிட்டேன். அவள் எச்சம் அவள் பெட்டியில் பூட்டிப் பத்திரமாக இருக்கிறதாம்! சமையல்காரர் தலையைச் சொறிந்தார்: "ஐயா, அது என் காஞ்ச காளான் டப்பா. மிச்சம்னுதான் எழுதியிருந்தேன், நீங்கதானே எச்சம்னு மாத்தச் சொன்னீங்க? அதுல இருந்ததை அப்படியே மதியம் சூப்புல போட்டேனே." அப்படியானால் நான் கேட்டு வாங்கி இரண்டு கிண்ணம் குடித்தது? உன் மருமகளோ கழுவாமல் கிடந்த என் கிண்ணத்தைப் பிடுங்கி, ஓரத்து முடியை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "அப்பா! இது அதேதான்! எங்க எடுத்தீங்க, வாங்க, காட்டுங்க!" மறுபடி ஏறினோம். இடுக்கில் இன்னும் கிடந்தது. ஈர மண்ணில் கால்தடம் வேறு. இரண்டாவது இடம் கிடைத்துவிட்டது. திரும்பி வந்து என் கிண்ணத்தையும் மூடி, "எச்சம்" என்று சீட்டு ஒட்டினாள். "இதுல ரெண்டு அர்த்தமும் சரிதானேப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள், நான் வந்ததிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள். உன் அக்காவிடம் மலை பிழைத்தது என்று மட்டும் சொல். சூப்பைப் பற்றி மூச்சு விடாதே.