படகுத்துறை வரை

மனைவியின் சைக்கிள் ஆசையை ஒரே நாளில், அதுவும் அவள் வாயாலேயே "எனக்கு வேண்டாம்ப்பா இது" என்று சொல்லவைத்து முடித்துவிடுவது என லீவன் தீர்மானித்தபோது சனிக்கிழமை மாலை மணி ஐந்து. ஜன்னலுக்கு வெளியே காற்று தென்மேற்கிலிருந்து பலமாக வீசிக்கொண்டிருந்தது. அவன் தீர்மானத்துக்குக் காற்றும் உடந்தை.

அந்த ஆசை பிறந்தே அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கிஸ்லேன் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நாளைக்கு நானும் உன்கூட வர்றேன்."

"எங்க?"

"சைக்கிள்லதான். ஞாயித்துக்கிழமை காலையில வேற எங்க போற நீ? நிலாவுக்கா?"

"அது ரொம்ப தூரம், கிஸ்லேன்."

"நிலாவா?"

"நான் போற வழி."

"அப்ப மெதுவாப் போவோம்."

இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் லீவன் கற்றுக்கொண்ட ஒரே பாடம், இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது. மூடிக்கொண்டான். ஆனால் மனசுக்குள் சம்மதிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. ஃபிளாண்டர்ஸ் நாட்டுப்புறத்தில் சைக்கிளுக்கென்று சந்திக்குச் சந்தி ஒரு கம்பம் நட்டு, அதில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். எண்களை வரிசையாக ஒரு துண்டுத் தாளில் குறித்து, கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு கிளம்பினால் போதும். ஊர் ஊராகப் போய் வரலாம். ஆனால் எல்லோரும் எழுதுவது ஒரே வரிசையைத்தான். அதனால் ஞாயிறு வந்தால் அந்தப் பாதைகளில் கோயில் திருவிழாக் கூட்டம். லீவன் நகராட்சியில் நில அளவைப் பிரிவில் வேலை பார்ப்பவன். வரைபடத்தோடு புரள்கிறவன். பதினொரு வருடம் பாடுபட்டு, யாரும் கோக்காத விதத்தில் எண்களைக் கோத்து, நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு ஒரு மோட்டார் வண்டி குறுக்கிடாத வழியைக் கண்டுபிடித்திருந்தான்.

அதை வழி என்று சொல்வதே குறைவு. வாய்க்கால் கரையில் தொடங்கும். காற்று அடித்து அடித்து ஒரே பக்கம் சாய்ந்த பாப்லர் மரங்கள், யாரோ முக்கியமானவர் போகிறார் என்பதுபோல் வரிசையாகக் குனிந்து நிற்கும். பிறகு புல்வெளிகள். நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தார்ப்பாதை. பசுக்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். கடைசியில் ஸ்கெல்டே ஆற்றின் கரைமேடு. நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டியவர் தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இந்த வசந்தத்தில்தான் லீவன் வழியைக் கரைமேட்டிலிருந்து படகுத்துறை வரை நீட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை படகு பத்து மணிக்குத்தான் தொடங்கும் என்று பலகை சொன்னது. எட்டு மணிக்கே அங்கே போய்விடுகிற அவன், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

இந்த வழியை சைக்கிள் குழு நண்பர்களுக்குக்கூட அவன் சொன்னதில்லை. மனைவியைப் பிடிக்காமல் அல்ல. அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவன் தன்னைத்தானே சில கேள்விகள் கேட்டுக்கொள்வான். நான் நல்லவனா? ஐம்பத்தாறு வயதுக்கு என்ன சாதித்தேன்? பதில் ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டுமே! அங்கே இன்னொருவர் வந்து, "என்ன யோசனை?" என்று கேட்டால் எல்லாம் போச்சு.

ஆகவே அன்று மாலை துண்டுத் தாளை எடுத்து வேறொரு வரிசையை எழுதினான். வட்டாரத்திலேயே மோசமான எண்கள். முதல் இருபத்தாறு கிலோமீட்டரும் நேர் எதிர்காற்று. வழியில் பன்றிப் பண்ணை. மூன்று கிலோமீட்டருக்குக் கல் பாவிய பழைய சாலை. அதற்குப் பின் விரைவுச்சாலையின் இரைச்சல் தடுப்புச் சுவர். பதினைந்தாவது கிலோமீட்டரில் அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என்பது கணக்கு. அவன் கொடியவன் அல்ல. திரும்பும்போது அதே காற்று அவளை வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதையும் யோசித்தே வைத்திருந்தான். அவள் திரும்பியதும் அவன் தன் வழியில் சேர்ந்துகொள்வான். இப்படிச் செய்வது நியாயமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை ஞாயிறு காலைக்கு ஒத்திவைத்தான்.

காலையில் லீவன் உடம்போடு ஒட்டிய உடையும், இறகு போன்ற சைக்கிளுமாக நின்றான். கிஸ்லேன் இரும்பில் வார்த்தது போன்ற கறுப்பு சைக்கிளோடு வந்தாள். முன்னால் கூடை. கூடைக்குள் காபி பிளாஸ்க், வெண்ணெய் தடவிய பன்.

"இதுலயா வரப் போற?"

"ஏன், இதுக்கும் ரெண்டு சக்கரம்தானே?"

ஊர் எல்லை தாண்டியதும் காற்று லீவனின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. குனிந்தான். மிதித்தான். கண்ணில் நீர் வந்தது. பத்து நிமிடம் கழித்து, மனைவி எங்கோ பின்தங்கியிருப்பாள் என்று பெருந்தன்மையோடு திரும்பிப் பார்த்தான். அவள் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உருண்டுகொண்டிருந்தது. முதுகு நிமிர்ந்து, பூங்காவில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"ஏம்ப்பா, இன்னிக்குக் காத்தே இல்லையே?" என்றாள்.

"இல்... லையா?"

"ஒரு பொட்டுகூட இல்ல. உன் முதுகு இவ்வளவு அகலம்னு இன்னிக்குத்தான் தெரியுது."

"வேணும்னா... நீ கொஞ்ச நேரம்... முன்னால..."

"ஐயய்யோ, எனக்கு வழி தெரியாதே!"

பன்றிப் பண்ணை வந்தது. வாசனை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வரவேற்றது.

"நாறுதுல்ல?" என்றான் லீவன் ஆசையோடு.

"குட்டி போட்டிருக்கு பாரு! எட்டு! இல்ல, ஒன்பது! அந்தக் கடைசிக் குட்டி உன் தம்பி மாதிரியே இருக்கு!"

கல் பாவிய சாலையில் லீவனின் மெல்லிய டயர்கள் தந்தியடித்தன. பல் ஆடியது, எலும்பு ஆடியது, பெயர்கூட மறந்துவிடும் போலிருந்தது. கிஸ்லேனின் தடித்த டயர்கள் படகு மாதிரி மிதந்து வந்தன.

"ஏன் லீவன், உன் குரல் என்னமோ ஆடுற மாதிரி இருக்கே?"

"நா... நா... நான் பே... பேசவே இல்ல!"

விரைவுச்சாலைச் சுவருக்குப் பக்கத்தில் காது கிழிந்தது. இதற்கு அவள் என்ன நல்லது சொல்லிவிட முடியும் என்று பார்ப்போம் என்றிருந்தான். அவள் சுவரைப் பார்த்து, "பாவம்ப்பா, அந்தப் பக்கம் எல்லாரும் ஞாயித்துக்கிழமையும் அவசரமாப் போறாங்க. நமக்கு எவ்வளவு யோகம்!" என்றாள்.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் ஒருவர் கைகளைத் தூக்கிச் சரணடைந்தார். லீவனின் இடது கெண்டைக்கால்.

சாலையோரப் புல்லில் கிடந்தவனுக்குக் கிஸ்லேன் காலைப் பிடித்துவிட்டாள். காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"திரும்பிடலாமா?" என்றான். "உனக்காகத்தான் கேக்கறேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு அந்தக் கல் ரோடு மறுபடியும் ஆகுமா?"

ஆகாது. அது அவனுக்குத் தெரியும். கல் இல்லாமல், வண்டி இல்லாமல், காற்று மறைப்போடு வீடு திரும்ப ஒரே வழிதான். அது இரண்டு வயல் தள்ளி இருந்தது. அதில் நுழைந்தால் பதினொரு வருட ரகசியம் போய்விடும். நுழையாவிட்டால் கால் போய்விடும். லீவன் நெடுநேரம் யோசித்தான். கால் மறுபடி இழுத்தது. யோசனை முடிந்தது.

"இந்தச் சந்துல ஒரு வழி இருக்கு," என்றான், சவ ஊர்வலத்தில் பேசுகிற குரலில்.

வரப்பைத் தாண்டியதும் இரைச்சல் கதவு சாத்தினாற்போல் நின்றது. நடுவில் புல் முளைத்த தார்ப்பாதை. மரங்கள் குனிந்து நின்றன. ஓடை நீரில் ஒரு கொக்கு, சம்பளம் வாங்கிவிட்டு வேலை செய்யாத குமாஸ்தாவைப்போல் அசையாமல் நின்றது. சக்கரம் சுழலும் மெல்லிய ஓசை மட்டும் இரண்டாகக் கேட்டது.

கிஸ்லேன் பேசவில்லை. அவன் பக்கவாட்டில் வந்தாள். அவள் கன்னம் சிவந்திருந்தது. காதோரம் நரைத்த முடி காற்றில் பறந்தது. இந்த மௌனம் ஒருவனுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தானே! இருவர் இருக்கும்போது அது குறையவில்லை, கூடியல்லவா இருக்கிறது! என்ன மனிதன் நான், பன்றிப் பண்ணை வழியாக இவளைக் கூட்டிவந்தேனே! இனி ஒவ்வொரு ஞாயிறும் இருவரும்தான் என்று அந்த நொடியில் முடிவு செய்தான். அந்த மகிழ்ச்சியில் வாயைத் திறந்தான்.

"இந்த மரமெல்லாம் ஏன் ஒரே பக்கம் சாஞ்சிருக்குன்னா—"

"உஷ்," என்றாள் கிஸ்லேன்.

அவளுக்கு ஆற்றையும் காட்டிவிடலாம் என்று கரைமேட்டில் ஏறிப் படகுத்துறைக்கு வந்தபோது மணி பத்தேகால். எதிர்காற்று இரண்டு மணி நேரத்தைத் தின்றிருந்தது. இவ்வளவு தாமதமாக லீவன் இங்கே வந்ததே இல்லை. முதல்முறையாகப் படகு ஓடுவதைப் பார்த்தான். சின்னப் படகு, கட்டணம் கிடையாது, ஆளும் சைக்கிளுமாகப் பத்துப் பேர் நிற்கலாம். படகோட்டி ஓமேர் நடு ஆற்றிலிருந்தே கையை வீசினான்.

"கிஸ்லேன் அக்கா! என்ன, ஞாயித்துக்கிழமையும் கிளம்பிட்டீங்க?"

அவள் கையசைத்தாள். படகு கரை தொட்டது. ஓமேர் கயிற்றோடு மல்லுக்கட்டப் போய்விட்டான். லீவன் கரையிலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உன்னை அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா வர்றேன். செவ்வாய், வெள்ளி எனக்கு மருந்துக்கடையில வேலை இல்லையே, நீ ஆபீஸ் போனதும் கிளம்பிருவேன்."

"இந்த வழியிலயா? என் வழியிலயா?"

"உன் வழியா? சரி, உன் வழின்னே வச்சுக்க. வழக்கமா இதுல வர்ற நாங்க நாலு பேர் அதை வெறும் வழின்னுதான் சொல்லுவோம்."

"அப்ப இன்னிக்கு ஏன் என்கூட வந்த?"

"மூணு வாரமா உன் சக்கரத்துல சாம்பல் நிறக் களிமண். அது இந்தத் துறையிலதான் ஒட்டும். நான் வீட்டுக்கு வந்ததும் கழுவிருவேன், நீ கழுவல. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அக்கரைக்குப் போயிட்டியோன்னு."

"போகலியே. நான் எட்டு மணிக்கே திரும்பிருவேன்."

"அப்படியா?" அவள் முகத்தில் ஆறு வருட நிம்மதி திரும்ப வந்தது. "நல்லதாப் போச்சு."

"அக்கரையில என்ன இருக்கு?"

"ரோடு."

"எப்படிப்பட்ட ரோடு?"

கிஸ்லேன் ஆற்றுக்கு அப்பால் பார்த்தாள். மணமேடைக்கு வந்தபோதுகூட அவள் கண்கள் அப்படி மின்னியதில்லை.

"நாம வந்த வழியெல்லாம் அதுக்கு வாசப்படி, லீவன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வருவ. வந்தா விளக்குவ."

"இப்ப நானும் வர்றேன்!" என்று லீவன் சைக்கிளைப் பிடித்துச் சரிவில் ஓர் அடி வைத்தான். கெண்டைக்கால் அங்கேயே தன் முடிவைச் சொன்னது. கிஸ்லேன் அவனை ஆதரவாகப் பெஞ்சில் உட்காரவைத்தாள். பிளாஸ்க்கை ஒரு பக்கம் வைத்தாள், பன்னை மடியில் வைத்தாள், நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். ஓமேர் இன்னும் முதுகைக் காட்டிக் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான்.

"மெதுவாக் கிளம்பி வீட்டுக்குப் போ. நான் சாயங்காலம் வந்துருவேன்."

படகு போனது. அக்கரையில் இறங்கியவள் கரைமேட்டில் ஏறினாள். முதுகில் காற்று, அந்த இரும்புச் சைக்கிள் வாத்து பறக்கிற மாதிரி எழும்பிப் போனது. அவளுக்கு முன்னும் பின்னும் எட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. வானமும் புல்லும் அவளும்தான். இந்த ஜில்லாவின் ஒவ்வொரு சந்தியையும் அளந்து வைத்திருக்கிற தான், பக்கத்துத் தலையணையில் இருந்தவளை எந்த வரைபடத்திலும் குறிக்கவில்லையே என்று லீவன் வியந்தான். புள்ளியாகி மறையும் வரை பார்த்தான். அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

படகு திரும்பி வந்தது. ஓமேர் கயிற்றைக் கட்டிவிட்டுப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா ஓட்டுற அழகைப் பாத்தீங்களா? இந்த ஆத்தங்கரையில அவங்களுக்கு ஈடு கிடையாதுங்க. என்ன, அவங்க வீட்டுக்காரருக்குத்தான் சைக்கிள்னாலே ஆகாதாமே, பாவம்! ஆமா, நீங்க யாருங்க? அக்காவுக்குத் தெரிஞ்சவரா?"

லீவன் தன் ஒட்டுடையைப் பார்த்தான். இறகு சைக்கிளைப் பார்த்தான். தலைக்கவசத்தை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"இல்லைங்க," என்றான். "வழி தப்பி வந்தவன்."